கோமதி பெயரில் வாசித்தவள்

பள்ளி நூலகத்துக்கு அந்த இயந்திரம் வேண்டும் என்று விண்ணப்பம் எழுதியவளே அருள்கனிதான். அதனால் பிறகு நடந்தவற்றுக்கு வேறு யார் மீதும் பழிபோட அவளுக்கு மனம் வரவில்லை.

தூத்துக்குடியில் கடலை ஒட்டியிருந்த ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் அவள் நூலகர். அறுநூற்றுப் பன்னிரண்டு மாணவிகள், ஒன்பதாயிரம் புத்தகங்கள், ஒரே ஒரு அருள்கனி. இடைவேளையில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் "டீச்சர், நல்ல புஸ்தகமா ஒண்ணு குடுங்க" என்று கை நீட்டினால் எத்தனை முகங்களைத்தான் அவள் பார்ப்பாள்? அகப்பட்டதை எடுத்துக் கொடுப்பாள். பாதிப் புத்தகங்கள் பத்தாம் பக்கத்தின் மூலை மடிந்து அப்படியே திரும்பி வரும்.

அவள் கருவிகளைத் தேட ஆரம்பித்தாள். ஆறு கேள்விகளுக்குப் பதில் சொன்னால் ஏற்ற புத்தகத்தைச் சொல்லும் செயலி ஒன்று கிடைத்தது. அது ஆறாம் வகுப்பு முழுவதற்கும் ஒரே யானைக் கதையைப் பரிந்துரைத்தது. வாசகர்கள் நட்சத்திரம் போடும் இணையதளம் ஒன்றில் எல்லாப் புத்தகங்களுக்கும் ஐந்து நட்சத்திரம் இருந்தது. எழுதியவர்களின் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து போட்டார்களோ என்று அவளுக்குச் சந்தேகம். கடைசியில்தான் நூல்துணை என்ற திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு விண்ணப்பித்தாள்.

வந்து சேர்ந்தது ஒரு திரை. அதன் உச்சியில் ஒரே ஒரு கேமரா. ஒவ்வொரு மாணவிக்கும் மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை. பட்டையைக் காட்டிவிட்டு, திரையில் வரும் அரைப் பக்கத்தை வாசிக்க வேண்டும். வாசிக்கும்போது கண் எங்கே நிற்கிறது, எங்கே தாவுகிறது, எந்தச் சொல்லுக்குத் திரும்பி வருகிறது என்பதைக் கேமரா கவனிக்கும். பிறகு மூன்று புத்தகங்களின் பெயர் வரும். அந்த மூன்றில் எதை எடுத்தாலும் பிள்ளை கடைசிப் பக்கம்வரை வாசித்துவிடும். அது பேசும் குரல் ஓர் இளம்பெண்ணின் குரல். பிள்ளைகள் முதல் வாரத்திலேயே அதற்கு ஒத்தக்கண்ணக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மூன்று வருடங்களில் பள்ளியில் எடுத்த புத்தகத்தை முடிப்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர். மாநிலத்திலேயே முதலிடம். தலைமை ஆசிரியர் தவசிமுத்து அந்த எண்ணைப் பெரிதாக எழுதி வாசலில் மாட்டினார். அருள்கனிக்கும் சந்தோஷம்தான். நாற்பது பேர் கை நீட்டுவதில்லை. வரிசையில் வருகிறார்கள், எடுக்கிறார்கள், போகிறார்கள். நூலகம் மருத்துவமனை மருந்துக் கவுன்டர்போல ஒழுங்காக நடந்தது.

அந்த வருடம் ஜனவரியில் திட்டக் குழுவிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மன்னார் வளைகுடாவில் மிதக்கும் கடலாய்வு நிலையத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்று வார முகாம். பள்ளிக்கு ஒருவர். தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது. நூல்துணையின் வாசிப்புக் குறிப்பேட்டில் யார் முதலில் நிற்கிறாரோ அவர். வெள்ளிக்கிழமைக்குள் பெயரை உறுதி செய்து அனுப்ப வேண்டும்.

குறிப்பேட்டில் முதல் பெயர் எட்டாம் வகுப்பு கோமதி. கடலடி நில அமைப்பு, நீரோட்டங்கள், பவளம் என்று அவள் எடுத்து முடித்திருந்த புத்தகங்களைப் பார்த்து அருள்கனியே அசந்துபோனாள். அவளை மதிய இடைவேளையில் கூப்பிட்டாள்.

"கோமதி, உம் பேருதான் முதல்ல இருக்கு. கடைசியா எடுத்தியே, அந்தக் கடலடிப் புஸ்தகம், அதுல எது உனக்குப் பிடிச்சுது?"

கோமதி நகத்தைப் பார்த்தாள். "எல்லாமே நல்லா இருந்துச்சு டீச்சர். மீன் எல்லாம்."

"அதுல மீனே கிடையாதேம்மா. கடலுக்கு அடியில கிடக்க மண்ணைப் பத்தின புஸ்தகம்லா அது."

"ஆமா டீச்சர். மண்ணு. மண்ணுதான்."

"வெறும் மண்ணு இல்ல டீச்சர், எட்டாவது அத்தியாயத்துல புழு வரும்!" என்று அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "வாயே கிடையாது அதுக்கு. வயிறும் கிடையாது. ஆனா ரெண்டு மீட்டர் வளரும்!"

சொன்னதும் அந்தக் குரல் நின்றது. அருள்கனி எட்டிப் பார்த்தாள். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு பிரிஸ்கா நின்றாள். கோமதியின் வகுப்புதான். ஐஸ் ஃபாக்டரிக்கு எதிர் வீடு. மூன்று வருடங்களாக முயல், அணில், குட்டிப் பேய் என்று சின்னக் கதைகளை மட்டுமே எடுத்து, எல்லாவற்றையும் முடித்துத் திருப்பித் தந்திருக்கும் பிள்ளை.

"ரெண்டு பேரும் உக்காருங்க" என்றாள் அருள்கனி.

உண்மை வெளியே வர ஐந்து நிமிடங்கூட ஆகவில்லை. இரண்டு பேரும் பட்டையை மாற்றிக் கட்டிக்கொண்டு திரையின் முன் நின்றிருக்கிறார்கள். ஒன்றரை வருடமாக.

"ஏன் பிரிஸ்கா?"

"ஆறாம் கிளாஸ்ல பட்டை கட்டுன அன்னைக்கு எனக்கு மெட்ராஸ் ஐ டீச்சர். கண்ணைத் தொறக்கவே முடியல. வரியெல்லாம் ரெண்டு ரெண்டா தெரிஞ்சுது. ஒத்தக்கண்ணக்கா என்னைப் பாத்துட்டு முயல் கதை குடுத்துச்சு. நான் பத்து நிமிஷத்துல முடிச்சிட்டேன். முடிச்சதுனால அடுத்த வாரமும் முயல். அப்புறம் அணில். எல்லாத்தையும் முடிச்சேன், அதனால திரும்பத் திரும்ப அதே."

"எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்லா?"

பிரிஸ்கா தயங்கினாள். "சொன்னேன் டீச்சர். ஏழாம் கிளாஸ்ல ரெண்டு வாட்டி. 'அக்கா தப்பாச் சொல்ல மாட்டா, போ'ன்னுட்டீங்க."

அருள்கனிக்கு அது நினைவில் இல்லை. தான் சொல்லியிருக்க மாட்டேன் என்றும் அவளால் சொல்ல முடியவில்லை. வரிசை வேகமாக நகர்ந்த நாட்களில் அப்படி எத்தனை பேரிடம் சொன்னாளோ. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுக் கோமதியிடம் திரும்பினாள்.

"சரி, நீ எதுக்குச் சம்மதிச்ச? நீதான் நல்லா வாசிக்கிறவளாச்சே."

"அதான் டீச்சர் பிரச்சினை" என்றாள் கோமதி. "எனக்கு எப்பவும் தடித் தடியா அறிவுப் புஸ்தகமாவே வரும். நான் முடிச்சிருவேன், ஆனா தலை வலிக்கும். இவ பட்டையில அணில் கதைக்கு நடுவுல பேய்க்கதையும் வரும் டீச்சர். சின்னச் சின்னப் பேய். ஜாலியா இருக்கும்."

அருள்கனிக்குச் சிரிப்பு வந்தது. உடனே சுற்றறிக்கை நினைவுக்கு வந்து சிரிப்பு நின்றது. பட்டையை மாற்றிப் பயன்படுத்தினால் இருவருக்கும் ஒரு வருடம் புத்தகம் கிடையாது. முகாமுக்குப் பெயர் அனுப்பவும் முடியாது. விதி அப்படி. அதை அவர்களிடம் அப்படியே சொன்னாள்.

"நான் மேல சொன்னா உங்க ரெண்டு பேர் பட்டையையும் பூட்டிருவாங்க. சொல்லாம விட்டா, பிரிஸ்கா வாசிச்சதுக்குக் கோமதி முகாமுக்குப் போவா. நீங்க ரெண்டு பேரும் என்ன சொல்லுதீங்க? உங்களைக் கேக்காம நான் எதுவும் செய்ய மாட்டேன்."

"சொல்லாதீங்க டீச்சர்" என்றாள் பிரிஸ்கா உடனே. "அவளே போகட்டும். ஒரு வருஷம் புஸ்தகம் இல்லாம என்னால இருக்க முடியாது."

"ஏட்டி, நான் அங்க போயி என்ன செய்ய?" என்று கோமதி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "கேள்வி கேட்டா பேய்க்கதையா சொல்ல? கடல்னா எனக்கு வாந்தி வரும்ட்டி! டீச்சர், நீங்க சொல்லிருங்க. ஆனா ஒண்ணு, எங்கப்பாகிட்டயும் நீங்கதான் சொல்லணும்."

கோமதியின் அப்பா சுடலைமணி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மகள் கொண்டுவந்து ஒப்பித்த கடலடிச் சங்கதிகளைக் கூட வேலை செய்கிறவர்களிடம் பெருமையாகச் சொல்லித் திரிந்தவர். அன்று சாயங்காலம் அருள்கனி அவர் வீட்டுக்குப் போய், சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"அப்போ ராத்திரிச் சாப்பாட்டுல எங்கிட்டச் சொன்னதெல்லாம்?"

"பிரிஸ்கா சொன்னதுப்பா" என்றாள் கோமதி. "அவ பள்ளிக்கூடத்துல சொல்லுவா, நான் இங்க வந்து சொல்லுவேன்."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் மகளிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டில், தட்டைப் பார்த்தபடியே, "சரி, நீ வாசிச்ச பேயில ஒண்ணைச் சொல்லு, கேப்போம்" என்றாராம். கோமதி சொல்ல ஆரம்பித்து முடிக்கும்போது சோறு ஆறிப்போயிருந்தது என்று பிறகு அருள்கனிக்குத் தெரிந்தது.

தலைமை ஆசிரியரைச் சமாளிப்பது இதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"டீச்சர், மாநிலத்துல முதலிடத்துக்குக் குடுக்க விருது அடுத்த மாசம். ஒரு நாப்பது நாள் கழிச்சுச் சொல்லக் கூடாதா?"

"வெள்ளிக்கிழமை பேரு போகணும் சார். தப்பான பேருன்னு தெரிஞ்சே நான் அனுப்ப மாட்டேன்."

"ரெண்டு பிள்ளைக செஞ்ச சேட்டைக்கு மொத்தப் பள்ளிக்கூடமும் பேரு கெடணுமா?"

"சேட்டை இல்ல சார். அந்தப் பிள்ளை வாசிக்கதுக்கு வேற வழி இல்லாமப் பண்ணது நாம."

அவர் பெருமூச்சு விட்டுத் திட்டக் குழுவுக்குப் போன் செய்தார். மறுநாள் காலை தமயந்தி என்ற பொறியாளர் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். நூல்துணையை உருவாக்கிய குழுவில் ஒருத்தி. கையிலிருந்த கணினியை இயந்திரத்தோடு இணைத்துவிட்டு, அருள்கனி சொன்னது முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டாள்.

"கண் சரியானதும் இதுக்குத் தெரிஞ்சிருக்கணுமே மேடம்" என்றாள் அருள்கனி. "அப்புறமும் ஏன் முயல் கதையே குடுத்துது?"

"தெரிஞ்சிருக்கும்" என்றாள் தமயந்தி. "ஆனா நாங்க அதுக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. பிள்ளை முடிக்கிற புத்தகத்தைக் குடு. முயல் கதையை அவ கண்டிப்பா முடிப்பா. கொஞ்சம் கனமானதைக் குடுத்தா முடிப்பாளோ மாட்டாளோ. அந்த அபாயத்துக்கு அது ஏன் போகணும்? உங்க வாசல்ல மாட்டியிருக்கீங்களே தொண்ணூத்தேழு, அது இப்படி வந்த தொண்ணூத்தேழுதான்."

தவசிமுத்து வாசல் பக்கம் பார்த்தார்.

"பிரிஸ்கா கோமதியோட பட்டையைக் கட்டிக்கிட்டு வந்தப்போ?" என்று கேட்டாள் அருள்கனி.

"அந்தப் பட்டைக்குக் கனமான புத்தகங்க திறந்திருக்கு. அதனால அதுக்குள்ள..." தமயந்தி பாதியில் நிறுத்தித் திரையைக் குனிந்து பார்த்தாள். பிறகு நாற்காலியை இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டாள். "சார், இந்தப் பள்ளிக்கூடத்துல எத்தனை பிள்ளைங்க?"

"அறுநூத்துப் பன்னெண்டு."

"இதுல அறுநூத்து எழுபத்தொரு வாசகர்கள் இருக்காங்க."

மூவரும் திரையைப் பார்த்தார்கள். அறுநூற்றுப் பதின்மூன்றாவது வரியில், ஒன்றரை வருடத்துக்கு முந்தைய தேதியிட்டு, இயந்திரம் எழுதிவைத்திருந்தது: பட்டை, கோமதி. கண், வேறு. புதிய வாசகர் 613.

"முதல் தடவையே கண்டுபிடிச்சிருக்கு" என்றாள் தமயந்தி. அவள் குரலில் ஆச்சரியம் இருந்தது. "கண்ணு நகர்ற விதம் கையெழுத்து மாதிரி. ஆளுக்கு ஆள் மாறும். இது கோமதி இல்லைன்னு தெரிஞ்சு, தனியா ஒரு கணக்கு ஆரம்பிச்சு, 613க்குன்னே பார்த்துப் பார்த்துப் புத்தகம் எடுத்துக் குடுத்திருக்கு. அந்தக் கடல் புத்தகம் எல்லாம் கோமதிக்கு வந்தது இல்ல. பிரிஸ்காவுக்கே வந்தது."

"அப்போ ஏன் மேல சொல்லலை?"

"யாரும் கேக்கலையே மேடம். மேல போற அறிக்கையில பட்டை எண் மட்டும்தான் கேட்டிருந்தோம். கண்ணைப் பத்தி நாங்க கேக்கவே இல்ல. எதிர்ல நிக்கிறது யாரா இருந்தாலும் அவங்களுக்குப் புத்தகம் குடுக்கறது அதோட வேலை. குடுத்திருக்கு."

அருள்கனி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் இரண்டு முறை திருப்பி அனுப்பிய பிள்ளையை ஒரு கேமரா ஒரே பார்வையில் தனி ஆள் என்று பிரித்தறிந்திருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் கொஞ்சம் நன்றியாகவும் இருந்தது.

"மீதி ஐம்பத்தெட்டு பேர் யாரு?" என்று கேட்டாள்.

தமயந்தி வரிசையாக வாசித்தாள். அக்கா தங்கைகள் மாற்றிக் கட்டியது, பக்கத்து பெஞ்சுக்காரிகள் மாற்றிக் கட்டியது. சில பிள்ளைகள் வாரம் ஒரு பட்டை என்று சுற்றியிருந்தார்கள். "இதோ ஒண்ணு வித்தியாசமா இருக்கு. வாசகர் 640. தொலைஞ்சு போன பட்டை. மூக்குக்கண்ணாடி. ஐம்பது வயசுக்கு மேல. எப்பவும் மதியம் ஒண்ணேகால் மணிக்கு வர்றார், நூலகம் பூட்டியிருக்கிற நேரம். எடுத்தது முப்பத்தொரு புத்தகம். எல்லாமே பேய்க்கதை."

நூலகத்துக்கு இரண்டே சாவிகள். ஒன்று அருள்கனியிடம் இருந்தது. அவள் மெல்லத் திரும்பித் தலைமை ஆசிரியரைப் பார்த்தாள். தவசிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"நான் இயந்திரத்தைச் சோதிச்சுப் பாத்தேன்" என்றார்.

"முப்பத்தொரு தடவையா சார்?"

"சோதிக்கதுன்னா முழுசாச் சோதிக்கணும்லா."

தமயந்திதான் முதலில் சிரித்தாள். பிறகு மூன்று பேருமே சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் தவசிமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் அறைக்குப் போனார். அரை மணி நேரம் கழித்து ஒரு கடிதத்தோடு வந்தார். திட்டக் குழுவுக்கு எழுதியது. பிரிஸ்காவுக்கு நடந்ததை விவரித்து, அவள் வாசிப்பை அவள் பெயரிலேயே பதிய வேண்டும் என்று கேட்டிருந்தார். கடைசிப் பத்தியை அருள்கனி இரண்டு தடவை படித்தாள். "பட்டை மாற்றியது குற்றம் என்றால் அந்தக் குற்றத்தை நானும் செய்திருக்கிறேன். வாசகர் 640 நான்தான். பிள்ளைகளுக்குத் தண்டனை என்றால் எனக்கும் சேர்த்து வழங்கவும். விருதுப் பட்டியலிலிருந்து எங்கள் பள்ளியை நீக்கிவிடவும்."

"சார், விருது..."

"போகட்டும் டீச்சர். பொய்க் கணக்குக்கு மாலை வாங்கிப் போட்டா கழுத்து அரிக்கும்."

பத்து நாள் பதில் இல்லை. அந்தப் பத்து நாளும் பிரிஸ்கா நூலக வாசலுக்கு வந்து கதவைத் தொட்டுவிட்டுப் போனாள். பதில் வரும்வரை அவள் பட்டை பூட்டிக் கிடந்தது. பட்டை இல்லாமல் உள்ளே வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அவளாகவே வரவில்லை. பதினோராம் நாள் பதில் வந்தது. தண்டனை இல்லை. முகாமுக்கு இந்த முறை எல்லாப் பள்ளிகளிலும் நேர்முகம் நடத்தி ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். விருது வேறு பள்ளிக்கு.

நேர்முகத்துக்கு வந்த கடல் விஞ்ஞானியிடம் பிரிஸ்கா வாயில்லாத புழுவைப் பற்றி ஆரம்பித்து, முக்கால் மணி நேரம் பேசினாள். கடைசியில் விஞ்ஞானி, "நீ கேட்ட கேள்வியில ரெண்டுக்கு எனக்குப் பதில் தெரியல, அங்க வந்து சேர்ந்து தேடுவோம்" என்றார். அவர் கிளம்பிப் போகும்வரை பொறுத்திருந்து, பிரிஸ்கா வராந்தாவில் கோமதியைக் கட்டிக்கொண்டு கத்தியது மாடிவரை கேட்டது.

தமயந்தி போவதற்கு முன் அருள்கனி அவளிடம் ஒன்று கேட்டிருந்தாள். "மூணு புஸ்தகம் காட்டுதுலா, அதோட நாலாவதா ஒண்ணு காட்டணும். பிள்ளை முடிக்காதுன்னு அது நினைக்கிற புஸ்தகம்."

"முடிக்காததை எதுக்கு மேடம்?"

"முடிக்காம வைக்கட்டும். பாதியில வச்சாலும் குத்தமில்லன்னு தெரிஞ்சாத்தான் பெரிசை எடுப்பாங்க."

தமயந்தி மேலிடத்தில் போராடி, இந்த ஒரு பள்ளியில் மட்டும் ஒரு வருடச் சோதனைக்கு அனுமதி வாங்கித் தந்தாள். தொண்ணூற்றேழு மளமளவென்று இறங்கி எழுபத்தொன்பதுக்கு வந்தது. தவசிமுத்து வாசலிலிருந்த பலகையைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பி, விளையாட்டு விழாவுக்கு எழுத வைத்துக்கொண்டார். அவருக்கு அவர் பெயரிலேயே ஒரு பட்டையும் வந்தது.

முகாமிலிருந்து திரும்பிய அடுத்த திங்கட்கிழமை பிரிஸ்கா நூலகத்துக்கு வந்தாள். வெயிலில் கறுத்திருந்தாள். போவதற்கு முன் எடுத்த நாலாவது புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி மேசை முன்னால் நின்றாள்.

"டீச்சர், திட்டாதீங்க. முடிக்கல. நூத்துப் பன்னெண்டாம் பக்கத்துல நிறுத்திட்டேன்."

"ஏன்?"

"அந்த ஆளு தப்பா எழுதியிருக்காரு டீச்சர்!" புத்தகம் படாரென்று மேசைக்கு வந்தது. "கடலுக்கு அடியில ஊரு கட்டலாம்ங்காரு. சரி, கட்டட்டும். அங்க ஏற்கெனவே குடியிருக்கதை எல்லாம் எங்க அனுப்புவாருன்னு நூத்துப் பன்னெண்டு பக்கமா ஒரு வார்த்தை இல்ல. நான் அங்க போயி என் கண்ணால பாத்தேன் டீச்சர், ஒரு கையளவு மண்ணுல எத்தனை உசுரு தெரியுமா?"

அவள் சொன்னாள். ஒவ்வொன்றாக, கையை விரித்து, குனிந்து, மேசையில் விரலால் வரைந்து சொன்னாள். அருள்கனி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். அந்த நூலகத்தில் ஒரு பிள்ளை நின்று ஒரு புத்தகத்தோடு சண்டை போட்டு மூன்று வருடங்களுக்கு மேல் ஆகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. முடித்தவர்கள் எல்லோரும் புத்தகத்தை வைத்துவிட்டுப் பேசாமல் போயிருந்தார்கள்.

பின்னால் வரிசை வளர்ந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர், அவர்களுக்குப் பின்னால் கையில் பட்டையோடு தவசிமுத்து. அவர் இரண்டு முறை செருமிப் பார்த்தார். பிரிஸ்கா திரும்பவே இல்லை.

"ஏட்டி, பேசி முடிச்சியா? மணி அடிக்கப் போகுது, எனக்குப் புஸ்தகம் எடுக்கணும்."

பிரிஸ்கா பதறி விலகினாள். "சாரி சார், நீங்க எடுத்துக்கோங்க சார்."

தவசிமுத்து திரைப் பக்கம் போகவில்லை. மேசையிலிருந்த புத்தகத்தை எடுத்து, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் தேடிப் பிரித்து, கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார்.

"இதையே எம் பேருல பதிஞ்சு குடுங்க டீச்சர்" என்றார். "எந்த எடத்துல இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு கோவம் வந்துச்சுன்னு நானும் பாக்கேன்."